வானத்து வண்டு: விற்பவர் யார்? விலை கொடுப்பவர் யார்?



சில மாதங்களுக்கு முன் உடப்புசல்லாவையில் ஒரு நிக்காஹ் வீடு. பனி விலகி வெயில் எட்டிப் பார்த்த ஒரு முற்பகல் நேரம். பெண்களுக்கெனத் தனியாகப் பந்தல் போட்டு, நான்கு பக்கமும் திரை கட்டியிருந்தார்கள். வீடியோ எடுக்க வந்த இளைஞர் திடீரென்று ஒரு சிறிய ட்ரோனைப் பறக்கவிட்டார். 'ங்ஙீ...' என்ற இரைச்சலோடு அது தேயிலை மலையைச் சுற்றி வந்து, பந்தலுக்கு மேலே நின்றது. சிறுவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்.

ஆனால் ஒரு பெண் மட்டும் பதறிப்போனார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த தமிழ்ச் சகோதரி அவர். மடியிலிருந்த பேரப்பிள்ளையை அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். "பிள்ளையள உள்ள கூட்டிக்கொண்டு வாங்கோ, வண்டு வந்திட்டுது" என்று அவர் சொன்னபோது எங்களில் பலருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகுதான் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது நமது மலைநாட்டில். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்ட லயத்தை விட்டு விரட்டப்பட்டு, குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனவர். யுத்தம் முடிந்த பின்னர்தான் உறவினரைத் தேடி மீண்டும் மலைக்கு வந்தார். வன்னியில் இராணுவத்தின் வேவு விமானத்தை மக்கள் 'வண்டு' என்றுதான் அழைத்தார்களாம். வண்டு வந்து சுற்றினால், சிறிது நேரத்தில் ஷெல்லோ கிபிரோ வரும் என்பது அவர்கள் அனுபவம். பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் அந்த இரைச்சல் அவருடைய காதை விட்டுப் போகவில்லை.

கல்யாண வீட்டுக்கு வந்த விளையாட்டுச் சாமானுக்கும் வன்னி வானில் சுற்றிய வண்டுக்கும் என்ன உறவு? இதை யார் செய்கிறார்கள், யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்? இனி வரும் காலத்தில் இந்த வியாபாரம் எப்படிப் போகும்? 'இதெல்லாம் ஆண்கள் பேசும் அரசியல்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நமது வீட்டு முற்றம் வரை வந்துவிட்ட விடயம்.

ஒரே இரைச்சல், பல பெயர்கள்

வன்னி மக்கள் 'வண்டு' என்றார்கள். காஸாவிலுள்ள நமது சகோதரிகள் அதையே 'ஸன்னானா' என்கிறார்கள். இரைந்துகொண்டே இருப்பது என்று பொருள். ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு சமூகங்கள், ஒரே கருவிக்கு அதன் சத்தத்தை வைத்தே பெயர் சூட்டியிருக்கின்றன. இரண்டு வானங்களிலும் சுற்றியது பெரும்பாலும் ஒரே நாட்டின் தயாரிப்பு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2012 ஒக்டோபரில் பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில், தோட்டத்தில் வெண்டிக்காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். மறு வருடம் அவருடைய மகனும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு முன் சாட்சியம் சொன்னார்கள். நீல வானத்தைத் தான் இப்போது விரும்புவதில்லை, மேகம் மூடிய வானமே பிடிக்கும், அப்போதுதான் ட்ரோன்கள் வருவதில்லை என்று அந்தச் சிறுவன் கூறினான்.

வருடத்தில் பல மாதங்கள் மேகத்துக்குள்ளேயே குடியிருக்கும் நாம், வெயில் வராதா, உடுப்புக் காயாதா என்று ஏங்குகிறோம். வெயிலைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளும் இதே உலகில் இருக்கிறார்கள்.

கண்ணாக வந்தது, கையாக மாறியது

இராணுவக் கண்காணிப்பு ட்ரோன் என்பது ஆளில்லாமல் பறக்கும் ஒரு விமானம். அதன் வயிற்றில் கமரா இருக்கும். இரவிலும் உடல் வெப்பத்தைக் கொண்டு ஆட்களை இனங்காணும் அகச்சிவப்புக் கமராவும் இருக்கும். பெரியவற்றில் மேகத்தையும் பனியையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடாரும் உண்டு. ஆக, அந்தச் சிறுவன் நம்பிய மேகமும் இன்று முழுமையான திரை அல்ல. பெரிய ட்ரோன்கள் ஒரு நாள் முழுவதும், அதற்கு மேலும் தொடர்ந்து பறக்கக்கூடியவை. ஓட்டுபவர் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் ஓர் அறையில் அமர்ந்திருப்பார்.

1982இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியாவின் ஏவுகணைத் தளங்களைத் தேடிப் பிடிக்க இஸ்ரேல் 'ஸ்கவுட்', 'மாஸ்டிஃப்' என்ற வேவு விமானங்களைப் பயன்படுத்தியது. உலக இராணுவங்கள் ட்ரோனின் பயனைக் கண்டது அப்போதுதான். பக்தாதில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த ஆப்ரஹாம் காரெம் என்ற யூதப் பொறியியலாளர், பின்னர் அமெரிக்காவில் குடியேறித் தமது வீட்டுக் கராஜில் தொடங்கிய முயற்சியே 'பிரிடேட்டர்' என்ற ட்ரோனாக வளர்ந்தது. அது 1994இல் முதன்முதலாகப் பறந்தது. 1995 ஜூலையில் பொஸ்னியாவைக் கண்காணிக்க அனுப்பப்பட்டது.

அந்த 1995 ஜூலை மாதத்தை முஸ்லிம்கள் மறக்க முடியுமா? ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் படுகொலை செய்யப்பட்ட மாதம் அது. வானத்திலிருந்து பார்க்கும் கண்கள் உலகிடம் இருந்தன. தரையில் காப்பாற்றும் கை நீளவில்லை. 2009 ஏப்ரலில் புதுமாத்தளனிலிருந்து மக்கள் எறும்புகளைப் போல வெளியேறிய காட்சிகளையும் ஆளில்லா விமானத்தின் கமரா வழியாகவே உலகம் பார்த்தது. பார்ப்பது வேறு, காப்பது வேறு!

2001இல் பிரிடேட்டரில் ஏவுகணை பொருத்தப்பட்டது. வெறும் கண்ணாக வந்தது கையாகவும் மாறியது. அதன் பிறகுதான் சந்தை சூடுபிடித்தது.

கடை விரித்திருப்பவர்கள்

முதற் கடை இஸ்ரேலுடையது. 'சேர்ச்சர்', 'ஹெரோன்', 'ஹேர்மிஸ்' ஆகியவை அதன் பிரபல சரக்குகள். 'போர்க்களத்தில் பரீட்சிக்கப்பட்டது' என்பது அங்குள்ள ஆயுத நிறுவனங்களின் விளம்பர வாசகம். எந்தப் போர்க்களத்தில், யார்மீது பரீட்சித்தார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. காஸாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த 2024ஆம் ஆண்டில்தான் இஸ்ரேலின் ஆயுத ஏற்றுமதி 1,470 கோடி டொலரை எட்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது.

இரண்டாவது அமெரிக்கா. அதன் சரக்கு தரமானது, விலையோ வானளவு. 2024 ஒக்டோபரில் இந்தியா 31 'எம்.கியூ.9பி' ட்ரோன்களுக்கு ஒப்பந்தம் செய்தது. பராமரிப்பு வசதிகள் சேர்த்து மொத்தப் பெறுமதி சுமார் 32,000 கோடி இந்திய ரூபா. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது!

மூன்றாவது சீனா. அமெரிக்கா விற்க மறுத்த காலத்தில் 'விங் லூங்', 'சி.எச்.4' போன்றவற்றைப் பல மடங்கு மலிவாக வளைகுடா நாடுகளுக்கும் எகிப்துக்கும் பாகிஸ்தானுக்கும் விற்றது. கல்யாண வீடுகளில் பறக்கும் சிறிய ட்ரோன்களிலும் பெரும்பங்கு சீனாவின் ஷென்ஷென் நகரிலுள்ள 'டி.ஜே.ஐ.' கம்பனியுடையதே.

நான்காவது துருக்கி. 'பைரக்தார் டி.பி.2' என்ற ட்ரோனின் விலை சுமார் 50 இலட்சம் டொலர் எனப்படுகிறது. 2020இல் அஸர்பைஜான் கராபாக் யுத்தத்தில் வென்றபோது இதன் புகழ் பரவியது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கியுள்ளன. இதைச் செய்யும் பைக்கார் நிறுவனம் 2024இல் மட்டும் 180 கோடி டொலருக்கு ஏற்றுமதி செய்தது. ஐந்தாவதாக ஈரான். அதன் 'ஷாஹித்' ட்ரோன்களை உக்ரைன் யுத்தத்தில் ரஷ்யா பெருமளவில் பயன்படுத்தியது.

சகோதரிகளே, இங்கே சற்று நிதானிப்போம். 'முஸ்லிம் நாடும் செய்கிறதே' என்று நமது உள்ளம் பெருமைப்படுவது இயல்பு. ஆனால் 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவின் திக்ரே மாகாணத்தில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலை வளவில் ட்ரோன் தாக்கி 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிடைத்த சிதறல்கள் துருக்கித் தயாரிப்பான குண்டுடையவை என்று ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். 2025 செப்டம்பர் 19ஆம் திகதி சூடானின் அல்ஃபாஷிர் நகரில், சுபஹுத் தொழுகையில் நின்றவர்கள்மீது ட்ரோன் தாக்குதல் நடத்தப்பட்டது. பள்ளிவாசலுக்குள்ளேயே 70க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அடித்தவர்களும் முஸ்லிம்கள், இறந்தவர்களும் முஸ்லிம்கள். சூடானில் சண்டையிடும் இரு தரப்புக்கும் ட்ரோன்கள் வெளியிலிருந்தே வந்தன. செய்தவன் பெயர் 'முஹம்மத்' என்பதால் அநீதி நீதியாகிவிடுமா?

நமது அயலிலும் நமது நாட்டிலும்

இந்தியா 1999 கார்கில் யுத்தத்துக்குப் பின் இஸ்ரேலின் ஹெரோன்களை வாங்கிக் குவித்தது. 2018 முதல் ஹைதராபாத்தில் அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் சேர்ந்து ட்ரோன் தொழிற்சாலை நடத்துகின்றன. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது இரு தரப்பும் ட்ரோன்களை ஏவின. மாலைதீவு, இந்தியப் படையினரைத் திருப்பி அனுப்பிய அதே 2024ஆம் ஆண்டில், தன் கடலைக் கண்காணிக்கத் துருக்கியின் டி.பி.2 ட்ரோன்களை வாங்கியது.

இலங்கை விமானப்படை 1990களின் நடுப்பகுதியிலேயே இஸ்ரேலின் ஸ்கவுட்டை வாங்கியது. பிறகு 'புளூ ஹொரைசன்', 'சேர்ச்சர்' வந்தன. யுத்தத்தின் பின் உள்நாட்டிலேயே 'லிஹினியா' என்ற ட்ரோன் உருவாக்கப்பட்டது. யுத்தம் முடிந்தும் கண் மூடவில்லை. கொரோனா காலத்தில் கொழும்பில் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளில் வீட்டை விட்டு வெளியே வந்தவர்களைப் பிடிக்க ட்ரோன்கள் பயன்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லையில் எதிரியைத் தேட வாங்கிய கருவி, முடுக்குக்குள் தண்ணீர் எடுக்கப் போனவரையும் தேடும் கருவியாக மாற அதிக காலம் எடுப்பதில்லை.

விலையை நமது ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒரு டி.பி.2 ட்ரோன் 150 கோடி ரூபா. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. 3,000 பேர் ஒரு வருடம், ஒரு நாளும் விடாமல் கொழுந்து பறித்தால் கிடைக்கும் மொத்தக் கூலி, ஏறத்தாழ ஒரே ஒரு ட்ரோனின் விலைதான்!

இனிச் சந்தை எங்கே போகும்?

'இந்த வியாபாரம் இத்தனை வருடத்தில் இத்தனை மடங்காகும்' என்று சந்தை ஆய்வு நிறுவனங்கள் ஆளுக்கொரு தொகை சொல்கின்றன. அந்தத் தொகைகளில் மயங்க வேண்டாம். அவற்றை விலைக்கு விற்பதும் ஒரு வியாபாரம்தான். காரணங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, பணம். 2024இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2,71,800 கோடி டொலர் என்று ஸ்டொக்ஹோமில் இயங்கும் 'சிப்ரி' ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. முந்தைய வருடத்தைவிட இது 9 சதவீதத்துக்கும் அதிகம். இதில் ஒரு பங்கு ட்ரோனுக்குப் போகாமல் இராது.

இரண்டாவது, மலிவு. பெரிய ட்ரோன்கள் இப்போது இலகுவாக விழுத்தப்படுகின்றன. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யெமனில் பல அமெரிக்க எம்.கியூ.9 ட்ரோன்கள் வீழ்த்தப்பட்டன. ஒன்றின் விலை சுமார் 3 கோடி டொலர். அதேநேரம் உக்ரைனில் சில நூறு டொலர் பெறுமதியான சிறிய ட்ரோன்கள் கோடிக்கணக்கான பெறுமதியுள்ள தாங்கிகளை எரித்தன. ஆகவே, ஒன்று இரண்டு பெரியவற்றுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் சிறியவற்றை வாங்கும் பக்கமே சந்தை சாய்கிறது. போத்தல் உடைந்தால் வேறு போத்தல் வாங்குவதுபோல, விழுந்தால் வேறொன்று. விற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது, மருந்தையும் நோயையும் ஒரே சந்தையில் விற்கிறார்கள். ட்ரோனைப் பிடிக்கும் ரேடார், அதன் சமிக்ஞையைக் குழப்பும் கருவி, சுட்டு வீழ்த்தும் ஏவுகணை என ட்ரோன் எதிர்ப்பு வியாபாரமும் கூடவே வளர்கிறது. சில பத்தாயிரம் டொலர் ஷாஹிதை விழுத்தச் சில வேளைகளில் பல இலட்சம் டொலர் ஏவுகணை தேவைப்படுகிறது.

நான்காவது, கட்டுப்பாடு தளர்கிறது. 1987இல் உருவான ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு பெரிய ட்ரோன்களின் விற்பனையை ஓரளவு தடுத்தது. சீனாவும் துருக்கியும் சந்தையைப் பிடித்ததும், வியாபாரம் கைநழுவுகிறதே என்று 2020இல் அமெரிக்காவே தனது பிடியைத் தளர்த்தியது.

ஆகவே, விற்பவர்கள் கூடுவார்கள், விலை குறையும், வாங்குபவர்களில் சிறிய நாடுகளும் ஆயுதக் குழுக்களும் பெருகும். இதுவே வரப்போகும் காலத்தின் சுருக்கம்.

அரபு நாட்டிலுள்ள நமது பிள்ளைகள்

இதனால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை ட்ரோன்களாலும் ஏவுகணைகளாலும் தாக்கப்பட்டு, அந்நாட்டு எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி சில நாட்கள் நின்றுபோனது. 2022 ஜனவரி 17ஆம் திகதி அபூதாபியில் எண்ணெய்க் கிடங்குக்கு அருகே நடந்த தாக்குதலில் மூவர் இறந்தார்கள். இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். வயிற்றுப் பிழைப்புக்காகப் போன தொழிலாளர்கள்! நமது மலைநாட்டு வீடுகளில், சாரதியாகவோ பணிப்பெண்ணாகவோ வளைகுடாவில் ஒருவர் இல்லாத வீடு எத்தனை? இந்தச் சந்தையின் குறி தவறும்போது விழுவது பெரும்பாலும் ஏழையின் தலையில்தான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வேவு பார்ப்பதை இஸ்லாம் முற்றாகத் தடுக்கவில்லை. அகழ்ப் போரின்போது, குளிரும் காற்றும் வீசிய ஓர் இரவில், எதிரியின் நிலையை அறிந்துவர நபி (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரழி) அவர்களை அனுப்பினார்கள். செய்தி மட்டும் கொண்டுவர வேண்டும், அவர்களைக் கிளறிவிடக் கூடாது என்பது கட்டளை. அங்கே அபூ ஸுஃப்யான் அம்பெய்யும் தூரத்தில் நின்றார். ஹுதைஃபா (ரழி) அவர்கள் வில்லில் அம்பை வைத்தும், கட்டளையை நினைத்து எய்யாமல் திரும்பினார்கள். கண்ணாகப் போனவர் கையாக மாறவில்லை! இன்றைய ட்ரோன் யுகத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா?

அதேவேளை, மக்களின் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடை செய்கிறது. பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. வாசலுக்கு அனுமதி தேவை என்றால் கூரைக்கு மேலே வரும் கண்ணுக்குத் தேவையில்லையா? அந்த நிக்காஹ் வீட்டில் திரை கட்டியதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். பந்தலுக்கு மேலே திரை இல்லை என்பதை யாரும் நினைக்கவில்லை. திரைக்குள்தானே இருக்கிறோம் என்று முந்தானையைத் தளர்த்தியிருந்த பெண்களின் படம் இப்போது யாருடைய கணினியில் இருக்கிறது?

நாம் செய்யக்கூடியவை

கல்யாணத்துக்கு வீடியோ பேசும்போதே, பெண்கள் பகுதிக்கு மேலே ட்ரோன் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நமது நாட்டில் ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் சில காலம் முற்றாகவே தடை செய்யப்பட்டது. வீடியோ எடுப்பவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. எடுத்த படங்களைத் தரும்படியும் அழிக்கும்படியும் கேளுங்கள்.

பொறியியல் படிக்கும் மகன், 'உம்மா, ட்ரோன் கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது' என்று வந்தால் உடனே 'ஹராம்' என்று வாயை அடைக்காதீர்கள். 'அதை யார் வாங்குகிறார்கள் மகன்? எதற்கு வாங்குகிறார்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவன் தன் முதலாளியிடமும் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். இந்தக் கருவியால் நன்மையும் செய்யலாம். 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பாதைகளையும் லயங்களையும் மூடின. கால் வைக்க முடியாத சரிவை மேலிருந்து பார்த்து, வெடிப்பு எங்கே, ஆள் எங்கே என்று காட்ட ஒரு சிறிய ட்ரோனால் முடியும். இப்படிப்பட்ட மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பு வீண்போகாது.

அன்று நிக்காஹ் முடிந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, வீட்டுக்கார வாப்பா அந்த இளைஞரை அழைத்து ட்ரோனை இறக்கிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். வீட்டு உம்மா சமையலறைக்குப் போய் அந்தச் சகோதரியின் கையைப் பிடித்து, "வாங்க அக்கா, அது போயிட்டுது. புள்ளைக்கும் பசிக்கும்" என்று அழைத்து வந்தார். அவர் வாசலில் நின்று ஒருமுறை வானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குள் காலடி வைத்தார்.

பிள்ளைகள் அஞ்சாமல் அண்ணாந்து பார்க்கக்கூடிய வானத்தை எல்லா ஊர்களுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.